ரேடியோ அறையில் நிறுத்திய ஆட்டம்

அந்த ஆட்டத்தில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஆங்கிலத்தில் நாலு வரி வரும். விண்வெளியில் ஒரு கப்பல் வழி தப்பி அலைகிறது, கூட வந்தவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள், மிச்சம் நீ ஒருத்தன்தான், என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். இரண்டு சொல்லில் பதில் அடிக்க வேண்டும். வடக்கே போ, விளக்கை எடு, கதவைத் திற, இப்படி. ரேடியோ அறையைக் கண்டுபிடித்து, உயிரோடு இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டால் ஜெயித்த மாதிரி. நாங்கள் கடைசி வரை ஜெயிக்கவில்லை.

நாங்கள் என்றால் அண்ணனும் நானும். அப்பாவுக்கு அவன் தம்பி, நான் பாப்பா. அன்னவாசலில் வீடு. அப்பா குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை அப்பாவிடம் தள்ளிவிட்டார்கள். அவர் அதைத் துண்டில் சுற்றி, லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். சிலேட்டு அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, மேலே எழுத்துப் பித்தான்கள். அதிலிருந்து டிவிக்கு ஒரு வயர், டேப் ரிக்கார்டருக்கு ஒரு வயர். ஆட்டம் கேசட்டில் இருந்தது. ஐந்து நிமிடம் கீச்சுக் கீச்சென்று கத்திய பிறகுதான் ஏறும்.

அதோடு ஒரு பேசும் கேசட்டும் வந்தது. அப்போது வீட்டில் போன் இல்லை. அப்பா கேசட்டில் பேசி அனுப்புவார், நாங்கள் கேட்டுவிட்டு அதே கேசட்டில் அவர் பேச்சை அழித்து எங்கள் பேச்சைப் பதிந்து, அடுத்துப் போகிற ஆளிடம் கொடுப்போம். அப்படியே வருடக்கணக்காகப் போய் வந்துகொண்டிருந்ததால் அப்பாவின் பழைய பேச்சு ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை. இந்த முறை மட்டும் பதில் பேசுவதற்குத் தனியாக ஒரு வெற்றுக் கேசட் அனுப்பியிருந்தார். தன்னுடையதில் யாரும் மேலே பதியாதபடி, கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்தும் விட்டிருந்தார்.

"இத அழிச்சுப் பேசாதீங்க. வச்சிருங்க. அடுத்த வருசம் ஒரேயடியா வந்துர்றேன்னு சொல்லியிருக்கேன்ல, அதுக்குச் சாட்சி" என்று அவர் சொன்னதுவரை நான் கேட்டேன். அதற்குப் பிறகு காது கொடுக்கவில்லை. அம்மாவும் அண்ணனும் டேப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, நான் கூடத்தின் மறு ஓரத்தில் துண்டைப் பிரித்துப் பித்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்பா பேச்சைவிட அந்தப் பெட்டி பெரிதாகப் போய்விட்டது.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஆடினோம். அண்ணன் கோடு போட்ட நோட்டில் கப்பலின் வரைபடம் போட்டான். கரண்டு போனால் எல்லாம் போச்சு, முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். நின்ற இடத்தை ஒரு கேசட்டில் பதிந்து வைத்தால் அங்கிருந்தே தொடரலாம் என்று ஆட்டத்தோடு வந்த தாளில் இருந்தது. வெற்றுக் கேசட்டோ எங்கள் பதிலோடு குவைத்துக்குப் போய்விட்டது.

ஒரு மத்தியானம் அண்ணன் டியூஷன் போயிருந்தபோது நான் தனியாக ஆடி, பல நாளாகத் திறக்காத கதவைத் திறந்து, ரேடியோ அறைக்குள் போய்விட்டேன். அடுத்து என்ன அடிப்பது என்று தெரியவில்லை. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஃபேன் மெதுவாகிவிட்டது. கரண்டு போகப் போகிறது. ஆட்டக் கேசட்டை விட்டால் வீட்டில் இருந்தது அப்பாவின் கேசட் ஒன்றுதான்.

நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை, எட்டாம் வகுப்பு. உடைத்த இடத்தில் காகிதத்தை மடித்துச் செருகினால் மறுபடி பதியலாம் என்று தெரியும். அப்பா எதற்காக உடைத்தார் என்றும் தெரியும். ஒரு நிமிட வேலை, ஆரம்பத்தில் வரும் நலம் விசாரிப்பு மட்டும்தானே அழியும் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் பச்சை மையில் எழுதுகிறவள் நான் ஒருத்திதான்; என் நோட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து மடித்துச் செருகினேன். பதிந்து முடிந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏய், மொளகா நனையுது பாரு. ஓடியா."

ஓடினேன். டேப்பை நிறுத்தாமலே ஓடினேன். மிளகாயை அள்ளிக் கட்டி, மழையை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது டேப்பில் பதிவுக்கான சிவப்புப் பித்தான் அமுங்கியபடியே இருந்தது. அதிசயமாக அன்றைக்குக் கரண்டு போகவில்லை. நாடா கிட்டத்தட்ட முழுக்க மறுபக்கம் சுற்றியிருந்தது. போட்டுக் கேட்கத் தைரியமில்லை. உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த கேசட் வரும், இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த கேசட் வரவில்லை. மூன்று மாதத்தில் அப்பா பெட்டியில் வந்தார். தூக்கத்தில் நெஞ்சுவலி என்றார்கள். அதன்பிறகு கம்ப்யூட்டரைத் தொட எங்களுக்கு மனசு வரவில்லை.

முதல் வருடத் திதி அன்று சாப்பாடு முடிந்ததும், சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் குரலைக் கேட்கட்டும் என்று அம்மா அந்தக் கேசட்டை எடுத்தாள். ஒரு வருடமாக மனசு தாங்காது என்று தொடாமல் வைத்திருந்தாள். போட்டதும் கீச்சென்று கத்தியது. பிறகு வெறும் நிசப்தம். அம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

"இதத் தொட்டது யாரு?"

அண்ணன் எழுந்து போய்க் கேசட்டை வெளியே எடுத்தான். முதுகில் செருகியிருந்த பச்சை மைக் காகிதத்தைப் பார்த்தான். அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நாந்தாம்மா. தெரியாமப் பண்ணிட்டேன்."

அம்மா அடிக்கவில்லை. "ஒங்கப்பாவ ரெண்டாந்தடவ சாகடிச்சிட்டியேடா. அந்தக் கருமத்த என் கண்ணுல காட்டாத" என்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன்.

அன்றிலிருந்து அம்மா அவன் தட்டைப் பார்த்துத்தான் சோறு போட்டாள், முகத்தைப் பார்த்ததில்லை. அவன் கம்ப்யூட்டரையும் கேசட்டையும் எடுத்துக்கொண்டு திருச்சியில் டிப்ளமோ படிக்கப் போனான், அங்கேயே வேலை, அங்கேயே குடும்பம். ஒவ்வொரு திதிக்கும் வருவான், கும்பிடுவான், குனிந்து சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிடுவான். பஸ் ஏற்றிவிடப் போகும்போதெல்லாம் இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி, கீரனூரில் குடியேறி, தலை நரைத்தும் சொல்லவில்லை. கோழைத்தனம், வேறு பெயர் இல்லை.

போன வருடம் அண்ணன் போய்விட்டான். அப்பாவைப் போலவே நெஞ்சுவலி. கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்துத் திருச்சிக்குப் போனபோது அண்ணி பரணிலிருந்து ஒரு பையை இறக்கினாள்.

"இத யாரையும் தொட விட மாட்டாங்க. வருசத்துக்கு ஒருக்கா இந்தக் கேசட்டப் போட்டுத் தனியா உக்காந்து கேப்பாங்க. நீங்க வச்சுக்கங்க."

கம்ப்யூட்டர், டேப், இரண்டு கேசட்டு, வரைபட நோட்டு. பழுது பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன், எல்லாம் ஓடுகிற நிலையில் இருந்தன. அங்கே கிடந்த பழைய டிவியில் மாட்டி, ஆட்டத்தை ஏற்றினேன். அப்பாவின் கேசட்டின் உறையைத் திறந்தபோது அந்தப் பச்சை மைக் காகிதம், மடித்த மடிப்போடு உள்ளே இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அன்று பதிந்ததை ஏற்றினேன். ரேடியோ அறையில் நிற்கிறாய், ஒன்றும் கேட்கவில்லை, என்ன செய்யப் போகிறாய் என்று திரையில் வந்தது. டேப்பிலிருந்து வயரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த வரிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்பை நிறுத்த இந்தத் தடவையும் மறந்துபோனேன். நாடா முடியப் போகும்போது அப்பா பேசினார்.

"...பொட்டிக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாதீங்க. தம்பி, பாப்பா சின்னப் புள்ள. அது எதையாச்சும் கெடுத்துச்சுன்னாலும் நீ கெடுத்தேன்னு சொல்லிரு. ஒன்னைய அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. சரி, கேசட்டு முடியப் போவுது. வச்சிர்றேன்."

நான் காது கொடுக்காமல் விட்ட இடம் அது. ஒரே தடவை கேட்ட அந்த வார்த்தை அம்மாவுக்கு மறந்துபோயிருந்தது. அதை அண்ணன் அவளிடம் போட்டுக் காட்டியிருந்தால் யார் கெடுத்தது என்ற பேச்சு மறுபடி வந்திருக்கும். அதனால்தான் அவன் காட்டவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அன்னவாசல் போனேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் டேப்பை வைத்து, அந்த இடத்தைப் போட்டேன். அப்பா குரல் வந்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீதானா?"

"ஆமாம்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அவன் இருக்கும்போது வந்து சொல்லியிருக்கக் கூடாதா நீ? ஒரு நாளாச்சும் மூஞ்சியப் பாத்துச் சோறு போட்டிருப்பேன்ல."