வளைகாப்புக் கணக்கு

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு நான்கு வகுப்பறைகள் கட்ட இந்த வாரம் அனுமதி வந்துவிட்டது. காரணம்? சில மாதங்களுக்கு முன்பு ஓர் இன்ஜினியருக்கு அங்கே கால் வைக்க இடம் கிடைக்கவில்லை!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், கடலோரத்து ஊர் எங்களுடையது. பள்ளியில் ஐந்து வகுப்புகள், இரண்டே அறைகள். பிள்ளைகளோ வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒரு மூலையில் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் அனா ஆவன்னா... நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதைத்தான் படிக்கும்?

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்பதால் என்னையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குழுத் தலைவி செல்வி. கணவர் கடலுக்குப் போகிறார். இவர் தெருத்தெருவாக மீன் விற்கிறார். இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள்.

ஒரு கூட்டத்தில் தலைமை ஆசிரியை புலம்பினார். எத்தனை மனு போட்டாலும், பார்க்க வருகிறவர்கள் 'தற்போதைய இடவசதி போதுமானது' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

"அவுங்க வர்றப்ப பிள்ளைங்க எங்க டீச்சர் இருக்கும்?" என்று கேட்டார் செல்வி.

டீச்சர் தயங்கினார். "மூணு கிளாஸ கோயில் மண்டபத்துக்கு அனுப்பிடுவோம். ஆபீசர் வர்ற நேரம்... பாக்க நீட்டா இருக்கணும் இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் வெட்கம். போன தடவை பிள்ளைகளை வரிசையாக மண்டபத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவனே நான்தான்!

"இந்தத் தடவ ஒரு பிள்ளயும் வெளிய போவக் கூடாது" என்றார் செல்வி.

போகவில்லை. கடலூரிலிருந்து வந்த இன்ஜினியர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே தரை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன.

"தெனமும் இப்படித்தானா?"

"தெனமும்தான் சார்" என்றார் டீச்சர். "முன்னெல்லாம் நீங்க வர்றப்ப... நாங்கதான் பாதிப் பிள்ளைங்கள மறைச்சோம்."

டீச்சருக்கு மெமோ நிச்சயம் என்று நினைத்தேன். இன்ஜினியர் ஃபைலைப் புரட்டினார். பழைய அறிக்கை ஒன்றில் கண் நின்றது.

"போதும்னு எழுதுனதுல ஒரு கையெழுத்து என்னோடதும்தான் டீச்சர். விடுங்க" என்றார் மெல்ல.

பிறகு வராண்டாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். "இன்னும் ரெண்டு ரூம் போட்டுடலாம். இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்குச் சரியா இருக்கும்."

"கட்டி முடிக்க எத்தினி நாளு சார் ஆவும்?" என்றார் செல்வி.

"ஃபைல் நகரணும், டெண்டர் விடணும்... ரெண்டு மூணு வருஷம்."

"அதுக்குள்ள இதுல பாதி பெரிய ஸ்கூலுக்குப் போயிடுமே. வரப்போறதுங்களுக்குத்தான சார் கட்றீங்க? அதுங்கள எண்ணுனீங்களா?"

"பொறக்காத பிள்ளைய எப்படிம்மா எண்ணுறது?"

செல்வி விரலை மடக்க ஆரம்பித்தார். வடக்குத் தெருவில் தவழ்வது இத்தனை. அங்கன்வாடியில் இத்தனை. பரங்கிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த பெண் இரண்டு பிள்ளைகளோடு இங்கேயே குடி வருகிறாள். பிரைவேட் ஸ்கூல் வேனை நிறுத்திய வீடுகள் இவை இவை...

"போன மாசம் மட்டும் மூணு வளகாப்பு சார். நானே போயி வளயல் போட்டுட்டு வந்தேன். இன்னும் ஜாஸ்திதான் ஆவும்."

இன்ஜினியரின் பேனா ஓடத் தொடங்கியது. வளைகாப்பை எழுத அவருடைய படிவத்தில் கட்டம் ஏது? 'எதிர்கால மாணவர் சேர்க்கை' என்று எழுதிக்கொண்டார். இரண்டு அறை நான்கானது. மேலே மாடி எடுக்கத் தோதான அஸ்திவாரமும் சேர்ந்தது.

அனுமதி வந்த அன்று மாலை சிதம்பரத்திலிருந்து மகள் போன் செய்தாள். மருமகனுக்குக் கடலூருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். நம் வீட்டுக்கே வந்துவிடுகிறார்களாம். "பாப்பாவ நம்மூரு ஸ்கூல்லயே சேத்துடலாமாப்பா?"

மறுநாள் செல்வியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், எங்கள் வீட்டிலிருந்தும் ஒன்று வருகிறது என்று.

"உங்க பேத்திதான அண்ணே? அத அன்னிக்கே எண்ணிட்டேன். மாத்தல் கேட்டிருக்காங்கன்னு அண்ணி மீன் வாங்கறப்பவே சொன்னாங்களே!"

என் வீட்டுச் செய்தி என் காதுக்கு வருவதற்கு முன்பே கடலூர் ஃபைலில் ஏறிவிட்டது!