என் அப்பா தூக்காத மூட்டை

என் அப்பா தாலுகா அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினோரு வருடம் சான்றிதழ் பிரிவில். வருமானம், சாதி, இருப்பிடம் என்று யார் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், விசாரித்து, சொன்னது உண்மைதானா என்று குறிப்பு எழுதுவது அவர் வேலை. அந்த மனிதரைத்தான் பூந்தமல்லி மண்டியில் மூட்டை தூக்கியவர் என்று நான் சொன்னேன். மொத்தம் நான்கு முறை சொன்னேன். எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். டிப்ளமோ படித்தவன். லேத்தில் கடைந்து வரும் பாகங்களை அளந்து, அளவு தப்பியவற்றை ரிஜெக்ட் என்று ஒதுக்க வேண்டும். வெயிலில் இரும்பு விரியும், அளவு மாறும் என்பதால் எங்கள் அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு தொழிலாளர்களில் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் ஐந்து பேர். நான் ஒருவன். எனக்குப் பட்டப்பெயர் ரிஜெக்ட்டு.

அந்த வருடம் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஊதிய ஒப்பந்தத்தின் பதினேழு ஷரத்துகளில் நான்கு எங்களுக்கே எதிராக இருந்தன. கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அந்த ஆங்கிலத்தை முழுதாகப் படித்திருக்கவில்லை. என்னால் படிக்க முடியும். இதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எதிரே நின்றவர் அப்போதைய செயலாளர். பூந்தமல்லிக்காரர், லேத்தில் கடையும் டர்னர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் வாசலில் கூட்டம். நான் ஷரத்துகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஆறாவது ஷரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏசி ரூம்ல குந்திகினு அளக்கறவனுக்கு எங்க கஷ்டம் இன்னாபா தெரியும்?"

"அவரு நைனா கலெக்டராம்பா" என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு நான் எதையும் தயாரித்து வரவில்லை. "எங்கப்பா பூந்தமல்லி அரிசி மண்டியில மூட்டை தூக்கினவரு. மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்க வச்சாரு" என்றேன். சிரிப்பு நின்றது. முதலில் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும். பாய் தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

அந்த மண்டியில் வருடத்துக்கு இரண்டு முறை அரிசி வாங்க அப்பாவுடன் போய் நின்றிருக்கிறேன். எனக்கும் மூட்டைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். ஓட்டு எண்ணியபோது எனக்கு நூற்று இருபத்தொன்று, பாய்க்கு எண்பத்தாறு, செல்லாதவை ஏழு. ஒரு வாக்கியத்தால் ஜெயித்தேன் என்பது எனக்குத் தெரியும். ஷரத்துகளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஜெயித்தபின் அந்த வாக்கியத்துக்குப் பொருந்துகிற ஆளாக இருக்க வேண்டியதாயிற்று. கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டே டீ குடித்தேன். 'இன்னா', 'கீது' என்று பேசிப் பார்த்தேன்; வாயில் சரியாக உட்காரவில்லை. நீலச் சீருடையில் எண்ணெய் படும்படி மிஷின்களுக்கு நடுவே உலாவிவிட்டு, அதே சட்டையோடு ரயிலேறி ஆவடிக்குப் போனேன். எட்டு நாள் அப்படிப் போனேன். ஒன்பதாம் நாள் எதிர் சீட்டில் இருந்த எங்கள் கம்பெனி ஆள் கேட்டார்.

"இன்னா மாமே, ஊட்ல வேற சட்டை இல்லியா?"

அப்போதுதான் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். லேத்தில் நிற்பவர்கள் ஷிப்ட் முடிந்ததும் மரத்தூளும் சோப்பும் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவார்கள். சீருடையைப் பையில் திணித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலை வாரிக்கொண்டுதான் கேட்டைத் தாண்டுவார்கள். கறையோடு ரயிலேறுவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. அந்தப் பெட்டியில் பதினெட்டு பேர் எஸ்டேட்காரர்கள். அழுக்குச் சட்டை என்னுடையது ஒன்றுதான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மே தினத்தன்று கொடியேற்றுவது தலைவரோ செயலாளரோ அல்ல. உறுப்பினர் ஒருவரின் தாய் தகப்பனில் உடல் உழைத்த ஒரு பெரியவர். குழுவில் ஒன்பது பேர். இந்த வருடம் என் அப்பாதான் என்று எட்டுப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வருவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் நான்கு சைக்கிள்கள் நின்றன. உள்ளே பாயும் ஒரு ஃபிட்டரும் வேறு இரண்டு பேரும். மேஜைமேல் ஆறு சாத்துக்குடி, ஒரு ரொட்டிப் பாக்கெட். அப்பா தோய்த்து மடித்த பனியனும் மூக்குக் கண்ணாடியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஆங்கிலப் பேப்பர் இருந்திருக்க வேண்டும். அதை மடித்துத் தொடைக்கடியில் செருகியிருந்தார்.

நான் வருவதற்கு முன் நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். "எத்தினி வருஷம் மூட்டை தூக்குனீங்க பெரியவரே?" என்று ஃபிட்டர் கேட்டாராம். அப்பா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப வருஷம்" என்றாராம்.

நான் செருப்பைக் கழற்றும்போது ஃபிட்டர் அடுத்த கேள்விக்கு வந்திருந்தார். "ஒண்டியாவே தூக்கிடுவீங்களா?"

"ஒருத்தன் ஏத்திவிடுவான்" என்றார் அப்பா. வலது தோளைத் தட்டிக் காட்டினார். "இப்படி இங்க வச்சுக்கிட்டு, ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நடந்துடுவேன்."

பாய் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "உடம்பப் பாத்துக்கங்க பெரியவரே, நாங்க வர்றோம்" என்று எழுந்தார்.

மற்ற மூவரும் முன்னால் போனபிறகு பாய் சைக்கிள் பூட்டைத் திறந்தபடி பேசினார். அதுவரை என்னை அண்ணாத்தே என்று கூப்பிட்டவர் சார் என்று ஆரம்பித்தார்.

"எங்க அத்தா அந்த மண்டியிலதான் சார் இருபது வருஷம் தூக்குனாரு."

"நீங்க சொன்னதே இல்லியே பாய்."

"இன்னாத்துக்குச் சொல்லணும்? பொண்ணு குடுக்க வந்தவங்களாண்டயே சொல்லல." பூட்டை ஹாண்டிலில் மாட்டினார். "மூட்டை தோள்ல ஏறாது சார். குனிஞ்சு முதுகுல வாங்கணும். பிடரியில காய்ப்பு காச்சிப் போயிருக்கும். தோள்ல வச்சா ரெண்டு நடை தாங்காது."

பாய் சைக்கிளைத் தெருப் பக்கம் திருப்பினார்.

"உங்க நைனாவுக்குப் பொய் சொல்ல வரல. அவரு வாயில எதுக்கு சார் அத்த வச்சீங்க? நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். கொடி மரத்தாண்ட மட்டும் அவர இட்டாராதீங்க."

உள்ளே போனேன். என்னடா இது என்று அப்பா கேட்பார் என்று நினைத்தேன். "மே ஒண்ணாம் தேதி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பிறகு, "கண்ணாடியைக் கழட்டிட்டு வரணுமா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. அந்த வயதில் கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்கட்டே தெரியாது. எனக்காக அவர் இருநூறு பேர் முன்னால் கண் தெரியாமல் நிற்கத் தயாராக இருந்தார்.

மறுநாள் கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க், மூட்டை தூக்கியதில்லை, நான் சொன்னது பொய். மூன்று வாக்கியம்.

"கலெக்டரு புள்ளன்னு நான் அப்பவே சொல்லல?" என்றார் ஒருவர்.

"ஷரத்த மட்டும் படிச்சுக் குடுத்துட்டுப் போ ரிஜெக்ட்டு" என்றார் இன்னொருவர்.

அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பாய் மறுபடி செயலாளர் ஆனார். மே தினத்தில் உறுப்பினர் ஒருவரின் தாய், கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மாள், கொடியேற்றினார். அடுத்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளை நான்தான் படித்துச் சொன்னேன். என் பெயர் எங்கும் வரவில்லை, வரக்கூடாது என்று நானே கேட்டுக்கொண்டேன்.

கேன்டீனில் சொன்ன அன்று மாலை அப்பாவிடம் போய், நிஜத்தைச் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் எங்கும் வர வேண்டாம் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"நிஜத்தைத்தானேப்பா சொன்னேன்."

"நீ சொன்ன பொய்யை நீ வாபஸ் வாங்கிட்டே. இங்க வந்த நாலு பேருகிட்ட நான் சொன்னது அப்படியே நிக்குது. பையன் உளறிட்டான்னு அவங்க நினைக்க மாட்டாங்க. கிழவனும் கூட்டுன்னு நினைப்பாங்க."



இரண்டு வாரம் கழித்து பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க நைனா ஊட்டுக்கு வந்திருந்தாரு சார். வாசல்லயே நின்னுகினு, நான் அன்னிக்கி சொன்னது பொய், நான் தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு, அப்டின்னாரு. உள்ள வாங்க ஐயான்னா வரல. பஸ்ஸப் புடிச்சு இம்மாந்தூரம் வந்துட்டு தண்ணி கூடக் குடிக்காம பூட்டாரு."

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் ஃபிட்டர் வீட்டுக்குப் போயிருக்கிறார், அதற்கடுத்து மூன்றாமவர் வீட்டுக்கு. விலாசங்களை யாரிடம் வாங்கினார் என்று தெரியாது. நான்காமவர் அதற்குள் வேலையை விட்டுவிட்டு வேப்பம்பட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். அவர் விலாசத்தை மட்டும் அப்பா என்னிடம் கேட்டார். வருகைப் பதிவு வைக்கும் டைம் ஆபீஸில் விசாரித்தேன், இல்லை. அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தனியாக ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினார். மூன்று முறையும் நான் வீட்டில்தான் இருந்தேன். கூட வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார்.

நான்காவது ஞாயிறு அவர் போகவில்லை. ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டதால் போகவில்லையா, அலைந்து முடியாமல் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதன்பிறகு அவர் இரண்டு வருடமும் நான்கு மாதமும் இருந்தார். நான் கேட்கவில்லை.