ஏரியைத் தூர்த்த சொர்ணம்

மாம்பலத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு அதைப் பற்றிப் பேசி வாய் ஓயாது. நானும் அப்படித்தான். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் காற்று, வெளிச்சம், அகலமான தெரு என்று அளந்துகொண்டிருந்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சொர்ணம் தலை நிமிராமல், “இங்க ஆள் முழுகுற தண்ணி இருந்துதும்மா” என்றாள். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அவள் அப்பா பஞ்சாட்சரம் மாம்பலம் ஏரிக்கரையில் துணி வெளுத்தவர். அங்கே குடும்பத்துக்கு ஒரு துவைகல். ஒருவர் கல்லில் மற்றவர் கை வைக்க மாட்டார்கள். ஏரியைத் தூர்த்து வீடு கட்டப்போவதாகச் சொல்லித் தண்ணீரை வடித்ததும் மற்றவர்கள் அடையாற்றுப் பக்கம் போய்விட்டார்கள். பஞ்சாட்சரம் நகரவில்லை. அவருடைய கல்லைச் சுற்றி ஒரு குட்டை மிஞ்சியிருந்தது. மயிலாப்பூரில் ஒரே தெருவில் மூன்று வீட்டுத் துணியும் மிஞ்சியிருந்தது. அதில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிடுவது? தாய் தேவானை பிரசவத்தில் படுத்தவள் இன்னும் படுக்கையில்தான் கிடந்தாள். கைக்குழந்தை ஒன்று, தம்பி ஒருவன்.

சொர்ணத்துக்குப் பதினாலு வயசு. ஏரியில் மண் சுமக்கும் பெண்களுக்கு அன்றாடம் கூலி கிடைத்தது. அந்தக் காசில் வாங்கிய அரிசியை நைனா தொட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் நெல் குத்தப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, ஏரியின் மறுகோடியில் கூடை தூக்கினாள். அப்பா குட்டையில் துவைத்தார், மகள் ஏரியைத் தூர்த்தாள். யாரைக் குற்றம் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், இந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மண் சுமந்து சுமந்து இருந்த ஒரே புடவையும் நைந்து கிழிந்தது. “இப்டி கிழிசலோட வந்தா வேலை கெடியாது” என்றான் மேஸ்திரி. மறுநாள், வெளுத்து வைத்திருந்த மூட்டையிலிருந்து அந்த மூன்று வீட்டில் ஒன்றான வக்கீல் ரகுபதி வீட்டுப் புடவை ஒன்றை உருவிக் கட்டிக்கொண்டு போனாள். வெளுக்கிற வீடுகளில் இது புதிதல்ல. கல்யாணம் காட்சிக்குக் கட்டிவிட்டு, மறுபடி துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பார்த்து வக்கீல், தாம் வாங்கிய மனையைக் காட்ட மனைவியை ஜட்காவில் அழைத்துவந்தார்.

“ஏன்னா, அந்தப் பொண்ணு கட்டிண்டிருக்கறது என் புடவை.”

அந்த அம்மாள் இறங்கிவந்து முந்தானை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று புள்ளி, ஒரு கோடு. துணி மாறிப்போகாமலிருக்கப் போட்ட அவர்கள் வீட்டு அடையாளம். நைனாவுக்குக் கண் மங்கியிருந்ததால், சேங்கொட்டை மையில் அதைப் போட்டவளே சொர்ணம்தான்.

ஜட்கா நேரே குட்டைக்குப் போனது. “என் பொண்டாட்டி புடவையைக் கட்டிண்டு உன் பொண்ணு அங்கே மண் சுமக்கறா. எங்காத்துத் துணியெல்லாம் எடுத்துக் கொடுத்துடு” என்றார் வக்கீல். சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டு வீட்டாரும் ஆள் அனுப்பித் தங்கள் துணியை வாங்கிக்கொண்டார்கள்.

நைனா அடிப்பார் என்று சொர்ணம் காத்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

“எத்தினி நாளா?”

“ரெண்டு மாசமா, நைனா.”

“அப்போ நான் துன்ன சோறு?”

“அன்னிக்கி அட்ச்சிருந்தா தேவலைம்மா. அழுதுட்டு மறந்திருப்பேன்” என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் பின்னாலேயே வந்து, மேஸ்திரியிடம் தனக்கும் ஒரு கூடை கேட்டார் பஞ்சாட்சரம். அந்த வாரமே வேலை அவருடைய குட்டைக்கு வந்தது. தன் துவைகல் மறையும்வரை எல்லோரோடும் சேர்ந்து அவரும் மண்ணைக் கொட்டினார்.

அன்று மாலை கூலி வாங்கியதும் தன் காசையும் மகள் கையில் வைத்து, “இனிமே நீயே பாத்துக்கோ” என்றார்.

அதன் பிறகு நாலு வருஷம் இருந்தார். மண் சுமந்தார், போட்டதைச் சாப்பிட்டார். எதிலும் வாய் திறக்கவில்லை. குட்டை தூர்ந்த மறுமாசமே தேவானைக்கு மூச்சு முட்டிய அன்று, வைத்தியரைக் கூப்பிடலாமா என்று தம்பி ஓடிவந்து கேட்டானாம்.

“அக்காவைக் கேளு” என்றார்.

அக்காவுக்கு அப்போதும் பதினாலு வயசுதான்.