பாம் ஷெல்டரில் வைத்த மணிப்ளாண்ட்

தொடக்கநிலை ஐந்தில் படித்தபோது, வீட்டுக்குள் செடி வளர்க்க எந்த இடம் ஏற்றது என்று கண்டுபிடித்து வரும்படி அறிவியல் ஆசிரியை சொன்னார். எதையும் அரைகுறையாகச் செய்யாத பிள்ளை என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம். அப்பாவின் கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டு, எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டை அதிகாரியைப் போல அறை அறையாகச் சுற்றி வந்தேன்.

சன்னலோரம் எண் மளமளவென ஏறியது. நாலு எட்டு தள்ளி சோபாவுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிந்த இடத்தில், அதே எண் விழுந்துவிட்டது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும், செடி பழகாது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். குளியலறை வாசலில் இன்னும் குறைவு. அடுத்து, வெளிச்சமே இல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு அத்தையின் அறைதான் பொருத்தம்.

அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது பாம் ஷெல்டர். போர் வந்தால் பதுங்குவதற்கென்று கட்டிய, தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட, சன்னலே இல்லாத பொந்து. மற்ற வீடுகளில் அங்கே பழைய சாமான்கள் கிடக்கும். மணமுறிவுக்குப் பிறகு மார்சிலிங் வீட்டை விற்றுவிட்டு வந்த அப்பாவின் தங்கை, ஆறு மாதத்துக்கென்று அங்கே மெத்தை விரித்தவர், இரண்டாவது வருடமாக இருந்தார்.

"அத்தை, ப்ராஜெக்டுக்கு உங்க ரூம்ல ஒரு செடி வெச்சுக்கவா?"

"வெச்சுக்கோம்மா. எனக்கும் துணையா இருக்கும்லா," என்றார்.

நான்கு தொட்டிகளில் நான்கு மணிப்ளாண்ட். மூன்று வாரத்தில் சன்னலோரச் செடி இரண்டு இலை விட்டது. சோபா பக்கத்துச் செடி ஒன்று விட்டது. குளியலறைச் செடி சும்மா இருந்தது. அத்தையின் அறையில் இருந்ததோ பச்சைப்பசேலென்று புது இலையோடு நின்று என் ஆராய்ச்சியைக் கெடுத்தது.

காய்ச்சலால் பள்ளிக்குப் போகாத ஒரு காலையில்தான் காரணம் தெரிந்தது. வீட்டு வாசலுக்கு வெளியே, வெயில் விழும் அடுக்குமாடி நடைபாதையில் தொட்டியைக் கைப்பிடிச் சுவர் அருகே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று அத்தை காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் வெளிய எடுத்தீங்க?"

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினார். "ரெண்டு மணி நேரம்தான்மா. கடை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி உள்ள வெச்சிடுவேன். நாள் பூரா இருட்டுலயே கெடக்கு, பாவமா இருந்துச்சு."

"வாடணும்னுதானே உங்க ரூம்ல வெச்சேன்! அங்க எதுவும் வளராதுன்னு நான் காட்டணும். எல்லாத்தையும் ஸ்பாயில் பண்ணிட்டீங்க!"

சமையலறையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. ஆனால் அவர் வெளியே வரவில்லை.

"சாரிம்மா. இனிமே எடுக்க மாட்டேன்," என்றார் அத்தை.

சொன்னபடியே இருந்தார். அடுத்த சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய அட்டையில் படங்கள் ஒட்டி, நான்காவது படத்தின் கீழே சிவப்பு மையில், "இந்த அறை உயிர்கள் வளரத் தகுதியற்றது" என்று எழுதி, வரவேற்பறைச் சுவரில் மாட்டினேன். வந்த விருந்தாளிகள் எல்லாரும் படித்துப் பாராட்டினார்கள். தேக்கா சேலைக்கடையில் வேலை முடிந்து வந்த அத்தை, தோள்பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றார். சிவப்பு மை வரி வரை படித்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கு," என்றார்.

அடுத்த மாதம் புக்கிட் மேராவில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டு போனார். கடைக்குப் பக்கம் என்று அப்பாவிடம் காரணம் சொன்னார். அப்பா நம்பினார், அல்லது நம்பியது போல இருந்தார். அன்று நடைபாதையில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான். இன்று வரை கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனோம். அத்தை எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து நேராகச் சன்னலுக்கு அழைத்துப் போய், திரையை விலக்கி, "பாரு," என்றார். கீழே கார் நிறுத்துமிடமும் குப்பைத் தொட்டிகளும் தெரிந்தன. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.