முட்டை அட்டையில் நீலம்

ராசிபுரம் தாண்டி ஒரு கிராமப் பள்ளி. ஓவியம் சொல்லித்தர வந்திருக்கிறேன். மதியம் முதல் வகுப்பு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கெட்டியான வண்ணங்களாகப் பார்த்து வாங்கியாயிற்று. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கிண்ணம்தான் இல்லை. சத்துணவுக் கூடத்தில் காலி முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கின்றன. குழி குழியாக, எனக்கென்றே செய்தது போல.

சத்துணவு அமைப்பாளர் அம்மா மறிக்கிறார்.

“அதைத் தொடாதீங்க சார். சாயங்காலம் பண்ணை வண்டி வரும். காலி அட்டை குடுத்தாத்தான் புது முட்டை எறக்குவாரு. நனைஞ்சு போச்சுன்னா நாளைக்குப் புள்ளைங்களுக்கு முட்டை இல்லீங்க.”

முன்பு வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் கற்ற வித்தையை எடுத்துவிடுகிறேன். “என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் அம்மா.”

“கையெழுத்த வேக வச்சுப் போட முடியுங்களா?”

பாடத்தை அங்கேயே மாற்றுகிறேன். தூரிகை வேண்டாம், விரலே போதும். சொட்டுத் தண்ணீர் சேர்க்கப்போவதில்லை என்றதும் அம்மா அட்டைகளை எடுத்துத் தருகிறார். வகுப்பு முடிந்ததும் அட்டைகளை நானே வெயிலில் காய வைக்கிறேன்.

வண்டிக்காரர் வருகிறார். ஓர் அட்டையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். விறைப்பாகவே இருக்கிறது. பிறகுதான் குழிகளைக் கவனிக்கிறார்: ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை.

“ஏனுங்க அம்மணி, இந்தக் கலர்ல முட்டை போடற கோழி எந்தப் பண்ணையிலீங்க?”

அமைப்பாளர் என்னைக் கைகாட்டுகிறார். “சேலத்துல இருந்து வந்திருக்குதுங்க.”

வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முட்டையை இறக்கத் தொடங்குகிறார்.