லாரியைவிட்டு இறங்கிய வருடம்

கல்யாணமான ஆறாவது மாதம் எங்கள் லாரியின் கிளீனருக்கு மஞ்சள்காமாலை வந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. "ஒரே ஒரு நடைக்கு நீ வாரியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். திருச்சுழிப் பக்கம் கருவேலங்கரி ஏற்றிப் பூனா வரைக்கும் அவரே ஓட்டிப் போகிற சொந்த லாரி. ஒரு நடை என்று ஏறியவள் மூன்று வருடம் இறங்கவில்லை.

கிளீனர் வேலை லேசு என்று நினைத்திருந்தேன். லாரியைப் பின்னால் எடுக்கும்போது "வா, வா" என்று கத்த வேண்டும். கட்டிய புருஷனை எப்படி அப்படிக் கூப்பிடுவது? "வாங்க, வாங்க" என்பேன். மற்ற டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு சட்டி, இரண்டு தட்டு, ஒரு பாய். இவ்வளவுதான் குடித்தனம். சோற்றை வடித்துத் தட்டில் கொட்டிவிட்டு, அதே சட்டியைக் கழுவிக் குழம்பு வைப்பேன். உப்பு எங்கே என்று நான் தேடியதே இல்லை. கையை நீட்டினால் இருக்கும்.

ஊருக்கு வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். "லாரியில குலுங்கிக் குலுங்கித்தான் வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது" என்று மாமியார் அழுவார். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்கும் பிள்ளை வேண்டும். லாரியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கிறுக்கி என்பார்களோ என்று பயமாக இருந்தது.

அவர் பாளையம்பட்டியில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினார். பால் காய்ச்சிய அன்று, "இனிமே நீ அலைய வேண்டாம் புள்ள" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சொந்தக்காரர்கள் பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களாகக் கொண்டுவந்து குவித்தார்கள். எதில் எதைச் சமைப்பது என்று தெரியாமல் அடுப்படியில் திருதிருவென்று முழிப்பேன். உப்பைத் தேடி இரண்டு அறையும் சுற்றுவேன். "ஏத்தா, இம்புட்டுப் பாத்திரம் இருக்கு, ஒத்தச் சட்டியையே கழுவிக்கிட்டு இருக்கியே?" என்பார் மாமியார். மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தால், "எந்த ஊரு வந்திருக்கு?" என்று கேட்டுவிடுவேன். மாமியார் பயந்துபோய்த் திருநீறு பூசிவிடுவார்.

பால் காய்ச்சிய எட்டாம் நாள் ரெட்டியபட்டியில் லோடு ஏறியது. லாரியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர் குளிக்கப் போனார். புதுக் கிளீனர் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் ஸ்டவ்வைத் துடைத்து, அரிசி பருப்பைப் பொட்டலம் கட்டி, எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பைக்குள் வைத்தேன். அடியில் என் சேலைகள் இரண்டு. நானும் வாரேன் என்று சொல்லப்போகிறேனா, அதற்குத் தைரியம் உண்டா, ஒன்றும் தெளிவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய் லாரிப் பக்கத்தில் நின்றேன்.

அவர் வந்து பையைப் பார்த்தார். "ஒண்ணு விடாம எனக்கு எடுத்து வச்சிருக்கியே" என்று வாங்கி கேபினுக்குள் வைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். பழம் நசுங்கி வண்டி கிளம்பியபின் நிறுத்தச் சொல்வது எங்கள் வீட்டில் ஆகாது. லாரி தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இருபது நாள் கழித்து வந்தார். என் சேலைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"பூனாவுலதான் பாத்தேன். இது எப்படிப் பைக்குள்ள வந்துச்சு?"

"தெரியலைங்க" என்றேன்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. சேலைகளைப் பீரோவுக்குள் வைத்துச் சாத்தினார்.