நாலு விரற்கடை

டிம்ப்னா கெராட்டிக்கு வாயைத் தாராளமாகக் கொடுத்த கடவுள் கையில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். கில்ரோனா ஊருக்குச் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவள், நாற்பத்தொரு வயது, மேடெல்லாம் மிதித்துக் கால் இரும்பு. கைதான் குட்டை.

அதனால் என்ன குடி முழுகிற்று என்கிறீர்களா? மேய்ச்சல் நிலத்தில் ஆயிரம் வருஷமாக நிற்கிறதே கற்சிலுவை, ஆகஸ்ட் முதல் ஞாயிறு அதைக் கண்ணை மூடிக் கட்டிப்பிடிக்க வேண்டும். பின்பக்கம் விரலோடு விரல் தொட்டால், மனத்தில் நினைத்தவரோடு வருஷத்துக்குள் கல்யாணம் என்பது ஊர் நம்பிக்கை. டிம்ப்னா நினைத்தது மாலக்கி டூஹியை. ஆறடி நாலங்குல மாட்டுக்காரன், வாயில்லாப் பூச்சி. வெங்காயமே பயிரிடாதவன் வாரம் தவறாமல் வெங்காய விதைப் பட்டியல் வரவழைப்பான். அவள் கொடுத்தால் "மழை வரும்போல" என்பான். அவ்வளவுதான். பதினோரு வருஷம் அவள் கட்டிப்பிடித்தாள். பதினோரு வருஷமும் நாலு விரற்கடை குறைந்தது.

1962ஆம் வருஷம், பன்னிரண்டாம் தடவையாக, பூசை முடிந்ததும் கோட்டைக் கழற்றி எறிந்து, மூச்சை அடக்கிக் கட்டிப்பிடித்தாள். கடைக்கார நோனி பின்னால் நின்று அளந்தாள்.

"மூணு விரக்கடைதான்டி! ஒண்ணு தேறிட்டே!"

"சிரிக்காம தள்ளுங்கடி என்னை!"

தள்ளினார்கள். கன்னத்தில் பாசி ஒட்டியதுதான் மிச்சம். கூட்டம் உருண்டு சிரித்தது.

"ஏ மாலக்கி, நீ கட்டிக் காட்டுய்யா, இவ பாக்கட்டும்!" என்றாள் நோனி.

மாலக்கி வந்தான், கட்டினான். விரல் என்ன, மணிக்கட்டையே பிடித்துவிட்டான்.

"மொத தடவையிலேயே!" என்று கூவியது கூட்டம்.

"மொத தடவை இல்ல," என்று சிலுவையிடமே சொன்னான். "வருஷா வருஷம் விடியக்காலையில, யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்துடுவேன். இதோட பன்னெண்டு வருஷம்."

சிரித்துக்கொண்டிருந்த நோனி அவன் முன்னால் போய் நின்றாள்.

"அடப்பாவி, யாரை நெனச்சு?"

காது சிவக்க டிம்ப்னாவின் காலணியைப் பார்த்தான்.  டிம்ப்னாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், அதைவிடக் கோபம் ஒரு பக்கம்.

"வாரா வாரம் உன் வாசல்ல வந்து நிக்கிறேனே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல என்னய்யா கேடு?"

"கைதான் எட்டிடுச்சே டிம்ப்னா. மத்ததைக் கல்லு பாத்துக்கும்னு இருந்துட்டேன்."

"கல்லு எப்படிய்யா வந்து சொல்லும்? இந்த ஊருக்குத் தபால்காரி நான்தானே!"

மாலக்கி தொப்பியைக் கழற்றினான். "அப்ப... நீ என்னைக் கட்டி..."

"கட்டிக்கிறேன்!"

அவள் போட்ட கத்தலில் மாடுகள் தலை தூக்கின. பாதிரியார் சாப்பிட உட்காருவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று அவன் சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"மெதுவா டிம்ப்னா, அதான் இன்னும் ஒரு வருஷம் இருக்கே..."

"வாயை மூடிட்டு ஓடுய்யா!"